மாங்காய் டிசைன் மேனேஜர்

லிவர்பூல்,
ஞாயிற்றுக்கிழமை, மழை.

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு நலம். அங்கு நீங்கள், மதினி, பிள்ளைகள், ஆச்சி, தையல் கம்பெனி எல்லாம் நலந்தானே? போன கடிதத்தில் ‘நான், நான்’ என்று நாற்பது இடத்தில் வந்ததாக மதினி எண்ணிச் சொன்னார்களாம். ஆகவே இந்தத் தடவை அந்த ஆளை எட்ட நிறுத்திவிட்டு, தளவாய்புரத்திலிருந்து வந்த எவனோ ஒருவனுக்கு நடந்த சங்கதியாகவே எழுதுவதென்று ஏற்பாடு. மதினி மறுபடி எண்ணிப் பார்க்கட்டும்.

சங்கதி இதுதான்: தம்பி முடிவெட்டப் போனான்.

ஆன்ஃபீல்ட் மைதானத்துக்கு நாலு தெரு தள்ளி ஒரு சலூன். நம்மூர்ச் சலூனில் தினத்தந்தி கிடக்கிற பெஞ்சில் இங்கே பழைய ஆட்டங்களின் அச்சுப் புத்தகங்கள் கிடக்கும். கடைக்காரருக்கு வயது எழுபதுக்குப் பக்கம். கழுத்தில் துண்டைச் சுற்றினார். கத்தரிக்கோலை இரண்டு தரம் காற்றில் வெட்டினார். பிறகு கேட்டார்: “ஷாங்க்லியா, பெய்ஸ்லியா?”

தம்பி அது கட்டிங் பெயர் என்று நினைத்துக்கொண்டான். நம்மூரில் போலீஸ் கட்டிங், மஷ்ரூம் கட்டிங் இல்லையா? அந்த வகையறா. அதிலும் பெய்ஸ்லி என்ற சொல் நைட்டிக் குடும்பத்தில் பிறந்தவனுக்குப் பழக்கப்பட்டதாயிற்றே! துணி வாங்கும்போது மாங்காய் டிசைனுக்கு மில்காரர்கள் சொல்லும் பெயர். காஷ்மீர்ச் சால்வையில் இருந்த மாங்காயை ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துத் தறிக்காரர்கள் காப்பியடித்து நெய்து, கடைசியில் மாங்காய்க்கே தங்கள் ஊர்ப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். எனவே தம்பி நம்பிக்கையோடு சொன்னான்: “பெய்ஸ்லிதான். எங்கள் ஊரில் அதுதான் நன்றாக ஓடும்.”

கத்தரிக்கோல் நின்றது. பெஞ்சில் இருந்த நாலு பேரும் நிமிர்ந்தார்கள். ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி ஒருவர் எழுந்து வந்து தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கடைக்காரர் முகத்தில் மட்டும், கடன் சொல்லிவிட்டுப் போன வாடிக்கையாளரைப் பார்க்கிற களை.

இந்த ஊரைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் அவர் வருத்தம் உங்களுக்குப் புரியும். லிவர்பூல் ஒரு காலத்தில் நம் கரிசல் மண்ணுக்கும் தெரிந்த பெயர், உலகத்துப் பருத்தி மூட்டையெல்லாம் வந்து இறங்கிய துறைமுகம். இப்போது மூட்டை இல்லை, பந்துதான். ஊருக்கு இரண்டு கிளப்: சிவப்புச் சட்டை லிவர்பூல், நீலச் சட்டை எவர்டன். இரண்டும் பிரிந்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். வாடகைத் தகராறு! ஆன்ஃபீல்டில் முதலில் ஆடியது எவர்டன்தான். ஜான் ஹோல்டிங் என்ற பீர் ஆலைக்காரர் வாடகையை ஏற்ற, எவர்டன் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போனது. மைதானம் காலியாகக் கிடக்கிறதே என்று அவர் 1892-ல் புதிதாக ஒரு கிளப்பை ஆரம்பித்தார். அதுதான் லிவர்பூல். வாடகைக்கு ஆள் கிடைக்காவிட்டால் தானே குடியேறுகிற வீட்டுக்காரரை ராஜபாளையத்திலும் பார்த்திருக்கிறோம். அவர்கள் யாரும் உலகப் புகழ் பெறவில்லை.

மேனேஜர் என்றதும் உங்களுக்கு மில் மேனேஜர் ஞாபகம் வரும். இங்கே மேனேஜர் என்றால் யார் ஆடுவது, யார் ஓரமாக உட்காருவது, எவரை விலைக்கு வாங்குவது என்று தீர்மானிக்கிறவர். தோற்றால் முதலில் வீட்டுக்குப் போகிறவரும் அவரே.

பில் ஷாங்க்லி ஸ்காட்லாந்தில் கிளென்பக் என்ற சுரங்கக் கிராமத்துக்காரர். பத்துப் பிள்ளைகளில் ஒருவர், சின்ன வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர். 1959 டிசம்பரில் அவர் வந்தபோது லிவர்பூல் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. பயிற்சி மைதானத்தில் புல் முளைத்திருந்ததா, புதர் முளைத்திருந்ததா என்பதில் கடைக்காரருக்கும் துறைமுகக்காரருக்கும் அன்று தனியாக ஒரு சண்டை. 1962-ல் முதல் டிவிஷனுக்கு ஏற்றினார். 1964, 1966, 1973-ல் லீக் பட்டம். 1965-ல் எஃப்.ஏ. கோப்பை, அதுவரை அந்தக் கிளப் கண்ணால் காணாத கோப்பை அது. தலை முதல் கால் வரை சிவப்பு உடுத்தவைத்ததும் அவர்தான். ரசிகர்கள் எழுதிய கடிதங்களுக்குத் தானே டைப்ரைட்டர் முன் உட்கார்ந்து பதில் தட்டுவாராம். தம்பிக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை, கவனிக்கவும்.

“அப்படியானால் பெய்ஸ்லி?” என்று தம்பி தெரியாத்தனமாகக் கேட்டான். அதற்குள் தலையின் வலப்பக்கம் ஏறக்குறைய முடிந்திருந்தது.

இப்போது துறைமுகக்காரர் முறை. பாப் பெய்ஸ்லி சுரங்கக்காரர் மகன். கொத்தனார் வேலை பழகியவர். லிவர்பூலுக்கு ஆடினார். 1950-ல் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் எவர்டனுக்கு எதிராகக் கோல் போட்டார். இறுதி ஆட்டத்துக்கு அவரையே விட்டுவிட்டார்கள். ஆட்டம் ஓய்ந்தபின் அடிபட்ட காலுக்கு வைத்தியம் பார்க்கிற வேலையைக் கற்றுக்கொண்டு அங்கேயே ஒட்டிக்கொண்டார். பூட்ஸ்களைத் தொங்கப்போடும் ஒரு சின்ன அறையில் ஷாங்க்லியின் உதவியாளர்கள் கூடுவார்கள். பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து எதிரணியைப் பிரித்து மேய்வார்கள். நம் கட்டிங் டேபிளைச் சுற்றி ராத்திரி பேசுவோமே, அதே மாதிரி. பெய்ஸ்லி அந்த அறையின் ஆள். அதிகம் பேசமாட்டார்.

1974-ல் எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்த கையோடு, ஜூலை மாதத்தில் ஷாங்க்லி திடீரென்று வேலையை விட்டார். நம் ஜில்லாக்காரர் காமராஜர் 1963-ல் முதலமைச்சர் நாற்காலியிலிருந்து தானாக எழுந்தாரே, அதைப்போல. தம்பி இந்த உவமையை அங்கேயே எடுத்துவிட்டான். யாருக்கும் புரியவில்லை, ஆனாலும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஊரே நம்ப மறுத்ததாம். தொழிற்சாலைக்காரர்கள், அவரைத் திரும்ப அழைக்காவிட்டால் வேலைநிறுத்தம் என்று மிரட்டினார்களாம். பொறுப்பு பெய்ஸ்லி தலையில் விழுந்தது. வேண்டாம் வேண்டாம் என்றுதான் ஏற்றுக்கொண்டார்.

வேண்டாம் என்றவர் ஒன்பது பருவத்தில் ஆறு லீக் பட்டம் எடுத்தார். ஐரோப்பியக் கோப்பை மூன்று: 1977, 1978, 1981. அதில் முதல் கோப்பை ரோம் நகரத்தில். 1944-ல் பட்டாளத்துக்காரராக அதே ரோமுக்குள் டாங்கியில் ஏறிப் போனவர் அவர். “இரண்டு தரமும் வெற்றிதான்” என்று துறைமுகக்காரர் தானே டாங்கி ஓட்டியவர் மாதிரி மார்பைத் தட்டினார்.

“எஃப்.ஏ. கோப்பை எத்தனை?” என்றார் கடைக்காரர், கண்ணாடியைப் பார்த்தபடி.

சலூன் அமைதியானது. உள்நாட்டுக் கோப்பைகளில் பெய்ஸ்லி அந்த ஒன்றை மட்டும் எடுத்ததே இல்லை. 1977 இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 2-1 என்று போனது. ஆறும் மூன்றும் ஒன்பது மலையாக நின்றாலும் இந்த ஒரு பள்ளத்தில் எதிராளியைத் தள்ளிவிடலாம் என்று கடைக்காரருக்குத் தெரியும். ஐம்பது வருஷமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறார் போலும்.

காதில் கம்மல் போட்ட ஓர் இளவட்டம் குறுக்கே பாய்ந்தது. அவன் கட்சி யூர்கன் கிளாப். ஜெர்மன்காரர், 2015-ல் வந்து 2019-ல் ஐரோப்பியக் கோப்பை, 2020-ல் லீக். முப்பது வருஷக் காத்திருப்புக்குப் பின் வந்த லீக் பட்டம், 99 புள்ளி. வந்த நேரம் கொரோனா. மைதானத்தில் ஈ காக்காய் இல்லை. கல்யாண வீட்டில் மொய் எழுத ஆளில்லாத மாதிரி. “அவர் கட்டிவைத்தார், அடுத்து வந்த ஆர்னே ஸ்லாட் முதல் வருஷத்திலேயே, 2025-ல், லீக்கைத் தூக்கினார். இதில் யார் பெரியவர்?” என்றான். துறைமுகக்காரருக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. சுற்றி வளைத்து அது தன் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

பேரனுக்கு முடிவெட்டக் கூட்டிவந்திருந்த ஓர் அம்மா அதுவரை வாய் திறக்கவில்லை. “கென்னி” என்றார். ஒரே சொல்.

கென்னி டால்கிலீஷ். ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் இருந்துகொண்டே 1986-ல் லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் சேர்த்து எடுத்தவர். அந்த அம்மா அதைச் சொல்லவில்லை. 1989 ஏப்ரல் 15, ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் இறந்தவர் கணக்கு 97. டால்கிலீஷும் அவர் மனைவியும் துக்க வீடு துக்க வீடாகப் போனார்கள். ஒரே நாளில் நான்கு அடக்கத்துக்குப் போன நாளும் உண்டு. செத்தவர்கள் மீதே பழிபோட்டு எழுதிய பத்திரிகையை இந்த ஊரில் பல கடைக்காரர்கள் இன்றும் விற்பதில்லை. அம்மா சொல்லி முடித்தபின் யாரும் கோப்பைக் கணக்கை எடுக்கவில்லை. கடைக்காரர் சும்மா தம்பியின் தோளில் கிடந்த முடியைத் தட்டிவிட்டார்.

இந்த அமைதியைக் கலைத்தது மூலையில் இருந்த எவர்டன்காரர். “உங்கள் ஊர் கிளப்புக்கு யார் பெரிய மேனேஜர்?” என்று தம்பியைக் கேட்டுவிட்டார். தளவாய்புரத்தில் பந்து என்றால் கிரிக்கெட் பந்துதான் என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற சென்னையின் எஃப்.சி.யைச் சொந்தம் கொண்டாடினான். இரண்டு ஐ.எஸ்.எல். பட்டம். முதலாவது 2015-ல், சென்னை வெள்ளத்தில் மிதந்த டிசம்பரில். உள்ளூர் அரையிறுதியையே புனேயில் போய் ஆட வேண்டியதாயிற்று. கோவாவில் இறுதி ஆட்டம். முடிய ஓரிரு நிமிஷம் இருக்கும்வரை 2-1 என்று தோற்றுக்கொண்டிருந்த அணி 3-2 என்று ஜெயித்தது. மேனேஜர் மார்கோ மேட்டராட்ஸி.

“யாரு? எங்க மார்கோவா!” என்று எவர்டன்காரர் துள்ளினார். 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடேனிடம் நெஞ்சில் முட்டு வாங்கின அதே மேட்டராட்ஸி, 1998-99 பருவத்தில் இங்கே நீலச் சட்டை போட்டு ஆடியிருக்கிறார்! சிவப்புக்காரர்கள் நாலு பேரும் தம்பியை ஒற்றனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். இரண்டாவது பட்டம், 2017-18, ஜான் கிரிகரி. இங்கிலாந்துக்காரர்தான், ஆஸ்டன் வில்லாவில் மேனேஜராக இருந்தவர் என்று அவசரமாகச் சேர்த்துச் சொல்லியும் பலிக்கவில்லை. இடப்பக்கத்து முடி சற்றுக் கடுமையாகவே போனது.

மறுநாள் வேலையிடத்தில் ஒரு வங்காளி டாக்டர் தம்பியின் தலையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இதெல்லாம் ஒரு சண்டையா என்றார். 1997 ஜூலையில் கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர் பார்த்தார்களாம். அன்று ஆட்டக்காரர்களைவிடப் பெரிய மோதல் பி.கே. பானர்ஜிக்கும் அமல் தத்தாவுக்கும்தான். தத்தாவின் வைர வியூகத்தை பைச்சுங் பூட்டியாவின் மூன்று கோலால் பானர்ஜி உடைத்தார், 4-1. டாக்டர் வீட்டில் அப்பா ஒரு கட்சி, மாமா ஒரு கட்சி. இலை போட்டால் எதிரெதிரே உட்காரமாட்டார்கள்.

அண்ணே, இதையெல்லாம் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. கடைக்காரர் காசு வாங்கும்போது கடைசியாக ஒன்று சொன்னார். வேலையை விட்டபின்னும் ஷாங்க்லியால் வீட்டில் இருக்க முடியவில்லையாம். காலையானால் பயிற்சி மைதானத்துக்கு வந்துவிடுவாராம். ஆட்டக்காரர்கள் அவரைத்தான் இன்னமும் ‘பாஸ்’ என்று கூப்பிடுவார்கள். பக்கத்தில் பெய்ஸ்லி நிற்பார். நாளாக ஆக, வரவேண்டாம் என்பது அவருக்குப் புரியவைக்கப்பட்டது. வீட்டுக்குப் பின்னால் இருந்த எவர்டன் பயிற்சி மைதானத்துக்குப் போக ஆரம்பித்தார். எதிரி முகாமில்தான் தன்னை அன்பாக வரவேற்றார்கள் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். இப்போது ஆன்ஃபீல்டுக்கு வெளியே இரண்டு பேருக்கும் சிலை இருக்கிறது. ஷாங்க்லி 1997-லிருந்து இரு கையையும் விரித்து நிற்கிறார். பெய்ஸ்லி சிலை 2020-ல்தான் வந்தது. அடிபட்ட ஆட்டக்காரரை முதுகில் தூக்கிக்கொண்டு குனிந்து வருகிறார்.

தம்பி திரும்பி வரும்போது அந்தச் சிலைகளைப் பார்த்துக்கொண்டு மழையில் கொஞ்ச நேரம் நின்றான். ஒற்றைத் தையல் மிஷினோடு ஆரம்பித்த தாத்தா, பொறுப்பைச் சித்தப்பாவிடம் கொடுத்த பிறகும் காலை ஏழு மணிக்கே கம்பெனி வாசலில் மர நாற்காலியில் வந்து உட்காருவார். கட்டிங் மாஸ்டர் அளவைச் சித்தப்பாவிடம் கேட்காமல் தாத்தாவிடம்தான் கேட்பார். நாற்பது மிஷின் போட்டதும் வெளியூர்க் கடைகளைப் பிடித்ததும் சித்தப்பா. ஆனாலும் முதலாளி என்று யாரும் அவரைக் கூப்பிட்டது கிடையாது. ஒருநாள் காலையில் நாற்காலியைக் காணோம். மறுநாளிலிருந்து தாத்தா எதிர்த்தாற்போல் இருந்த போட்டிக் கம்பெனித் திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நாற்காலியை எடுத்தது யார்? சித்தப்பாவிடம் கேட்க வேண்டாம், மனசு கஷ்டப்படுவார். ஆச்சியிடம் மெதுவாகக் கேட்டு எழுதுங்கள்.

போட்டோ கேட்டிருந்தீர்கள். இரண்டு பக்கமும் சமமாக முடி வளர்ந்ததும் வரும்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி