உலையும் கொடியும்

கேள்வி: இடதுசாரி என்றாலே அணு உலைக்கு எதிரி, காற்றாலைக்கு நண்பன் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாரிஸில் இதைக் கேட்டால் இடதுசாரிகளுக்குள்ளேயே சண்டை மூளும். பிரான்ஸில் 1946-இல் மின்துறை நாட்டுடைமையானபோது துறை அமைச்சராக இருந்தவர் கம்யூனிஸ்ட்டான மார்செல் பால். அப்படிப் பிறந்த ஈ.டி.எஃப். என்ற மின் நிறுவனம்தான் பின்னாளில் அணு உலைகளைக் கட்டியது. இன்றும் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சி அணு மின்சாரத்தின் பக்கம். இன்னொரு இடதுசாரித் தலைவரான மெலான்ஷோனின் கட்சியோ அதைக் கைவிடச் சொல்கிறது. 1974-இல் உலைகளை வரிசையாகக் கட்ட முடிவெடுத்தது வலதுசாரிப் பிரதமர் மெஸ்மெர். ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, 2011-இல் ஜெர்மன் உலைகளுக்கு மூடும் நாள் குறித்தவரும் அன்றைய ஜெர்மன் பிரதமரான வலதுசாரி மெர்க்கல்தான். கொடியின் நிறத்தை வைத்து மின்சாரத்துக்கு ஜாதகம் எழுத முடியாது.

மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதோடு, அது யாருக்குச் சொந்தம் என்றும் சோஷலிஸ்ட் கேட்க வேண்டும். கோபன்ஹேகன் கடலில் 2000-இல் எழுந்த மிடில்குரூண்டன் காற்றாலைகள் இருபது. அவற்றில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் பங்கு போட்ட கூட்டுறவின் சொத்து! எவ்வளவு காலத்தில் வருகிறது என்றும் பார்க்க வேண்டும்: பிரான்ஸின் ஃபிளமான்வில் மூன்றாம் உலை 2007-இல் தொடங்கி, 2012-இல் முடிய வேண்டியது. மின்சாரம் தந்தது 2024 டிசம்பரில்.

ஜெர்மனி பழுப்பு நிலக்கரியை எரித்துக்கொண்டே 2023 ஏப்ரலில் கடைசி மூன்று உலைகளை மூடியது தவறு. நன்றாக ஓடும் உலை ஓடட்டும்; புதிதாகப் போடும் பணம் காற்றுக்கும் வெயிலுக்கும் போகட்டும். இதுவே என் கட்சி.