காய் வீதியிலிருந்து சுகாதார அமைச்சுக்கு

மதிப்புக்குரிய பிரான்ஸ் சுகாதார அமைச்சுக்கு,

நலம், நலமறிய ஆவல். எங்கள் நலத்தில் உங்களுக்குள்ள ஆவல் 2007இலிருந்தே தெரியும். அந்த ஆண்டு முதல், சிப்ஸுக்கும் பேகருக்கும் விளம்பரம் ஓடும்போது, ஒரு நாளைக்கு ஐந்து பழமோ காய்கறியோ குறையாமல் சாப்பிடுங்கள் என்று அடியில் எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி போகிறது. போட மனமில்லாத கொம்பனி விளம்பரச் செலவில் ஒரு பங்கைக் கட்டிவிட்டுப் போகலாமாம். கள்ளுக்கொட்டில் வாசலில் தேவாரம் எழுதி ஒட்டின மாதிரி.

அது கிடக்க. நான் பாரிஸ் லாச்சப்பலில், காய் வீதியில் இருக்கிறேன். பகிடி இல்லை, நீராவி இயந்திரம் செய்த ழான் பிரான்சுவா காய் என்ற முதலாளியின் பெயர் அது. எங்கள் ஆட்கள் வந்து முருங்கைக்காயும் கத்தரிக்காயும் பரப்பிய பிறகுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம் வந்தது.

என் தொழில், உங்கள் ஊராருக்கு ஓர் உணவகத்தில் சலாட் வெட்டுவது. வேலை நடக்கும் இடத்தில் ஆட்களைச் சாப்பிட விடக்கூடாது என்று தொழிற்சட்டம் 4228-19ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தை மீறலாமா? ஆகவே உங்கள் ஐந்தையும் இரவு பதினொன்றரைக்கு, ஒரே கோப்பையில் முடிக்கவேண்டிய நிலை.

அந்தக் கோப்பைக்கு முதலில் எலும்பில்லாத கோழித்தொடை 150 கிராம். விரல் பருமனில் வெட்டி, யாழ்ப்பாணத்து வறுத்த தூள் ஒரு தேக்கரண்டி, மஞ்சள், உப்பு, பாதித் தேசிக்காய்ப் புளி விட்டுப் பிரட்டுவேன். கெக்கரிக்காய் வெட்டி முடிய அது ஊறிவிடும். தாச்சி நன்றாகச் சுட்ட பிறகு, ஒரு கரண்டி எண்ணெயில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அடி சிவந்து தானாகக் கழரும், அப்போது பிரட்டலாம். எட்டு, பத்து நிமிடம். உள்ளே இளஞ்சிவப்புத் தெரியக்கூடாது. மாட்டிறைச்சிக்கு நீங்கள் கேட்கும் 'செஞ்ஞான்' என்ற அரைவேக்காட்டுப் பதம் கோழிக்குச் சரிவராது.

தக்காளி, கரட், கெக்கரிக்காய், வெங்காயம், சலாட் இலை. மேலே மிளகு இடித்துப் போட்ட தயிர். வினெகிரெத் வேண்டாம். கடுகைத் தாளிக்காமல் வினாகிரியில் கரைப்பதற்கு என் கை பழகிவிட்டது, மனம் பழகவில்லை.

இனித்தான் வழக்கு. ஒரு பங்கென்றால் 80 முதல் 100 கிராம் என்கிறீர்கள். தக்காளி, கரட், கெக்கரிக்காய் மூன்றும் சரி. வெங்காயத்தை இழுத்துப் பிடித்தால் அரைப் பங்கு. இலைக்குத் தராசு அசையவே இல்லை. மிச்சத்தைப் பச்சை மிளகாயால் நிரப்பலாமென்று நிறுத்துப் பார்த்தேன். அதில் ஒரு பங்கு தின்றால் 15க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடவேண்டி வரும்.

அம்மா தொலைபேசியில், "உருளைக்கிழங்கை அவிச்சுப் போடு மோனை, நிறைஞ்சிடும்" என்கிறா. உருளைக்கிழங்கு உங்கள் கணக்கில் மாப்பொருள், காய்கறி இல்லை. இதை அவவிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. தயவுசெய்து அமைச்சே சொல்லவும்.

மிளகாய்க்குத் தனி நிறை வகுத்து அறியத்தந்தாலும் உதவி. பதிலோடு நேரில் ஆளனுப்புவதானால் காலை ஒன்பதுக்குள் வரட்டும். அதற்குப் பிறகு நான் வீட்டில் இல்லை, உங்களுக்குச் சலாட் வெட்டப் போய்விடுவேன்.

இங்ஙனம்,
காய் வீதி வாசி