பலகை சின்னது, பவிசு பெரிது

பெங்களூரு கப்பன் பூங்கா ஓரம் செக்கச்செவேலென்று நிற்கும் அட்டாரா கச்சேரியில்தான் கர்நாடக உயர் நீதிமன்றம். அங்கே வாதாடும் வக்கீலும் விளம்பரம் செய்யக் கூடாது, பெயர்ப்பலகைகூட அளவோடு இருக்க வேண்டும் என்பது பார் கவுன்சிலின் 36-ஆம் விதி. 2008 முதல் இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்கு என்று போட்டுக்கொள்ளலாம். ‘ஜெயித்துத் தருவோம்’ என்று மட்டும் போட முடியாது; அதை வராந்தாவில் நின்று காதோடு சொல்ல வேண்டியதுதான்.

‘சீனியர் அட்வகேட்’ என்று பட்டம் பெற்ற வக்கீலோ கட்சிக்காரரிடம் நேரே வழக்கு வாங்கவே கூடாது. வேறொரு வக்கீலுக்கு வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு, கேஸ் கட்டைக் கொடுத்தால், அவர் வழியாகத்தான் கதை சீனியர் காதுக்குப் போகும். சாமிக்கு முன்னால் பூசாரி இருப்பது நமக்குப் புதிதா? தட்டு மட்டும் இரண்டு. ஆளுக்கொரு பீஸ், வாய்தா பொது.