ஏழு நாள் தலைவர்களே, வாங்க!

வாங்க கண்ணுங்களா, வாங்க. பேனரை இந்த வேப்பமரத்துலயே கட்டுங்க. போன வருஷம் வந்தவங்க அடிச்ச ஆணி இன்னும் அப்படியே கீது. அவங்க செஞ்ச வேலையில இன்னிக்கும் நிலைச்சு நிக்கிறது அது ஒண்ணுதான்.

நாட்டு நலப்பணித் திட்டம், ஏழு நாள் முகாம், 'இளைஞர் தலைமைப் பயிற்சி'. பேரு நல்லாத்தான் கீது. 1969ல, காந்தி நூற்றாண்டுல, 37 பல்கலைக்கழகத்துல 40,000 பிள்ளைங்களை வெச்சி ஆரம்பிச்ச திட்டம். வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்யணுமாம். அதுல கோயில் வாசலைப் பெருக்குறது எத்தினி மணி, பெருக்குறதைப் போட்டோ புடிக்கிறது எத்தினி மணின்னு எந்த ரிஜிஸ்டரும் சொல்லாது. பெருக்குங்க, வேணாங்கல. ஆனா எங்க ஊரு தூய்மைக் காவலர் அம்மா விடியறதுக்குள்ளயே பெருக்கிட்டாங்க. உங்களுக்காகக் கொஞ்சம் குப்பையைத் திரும்பக் கொட்டச் சொல்றேன்.

போன வருஷ முகாம்ல ஒரு தம்பி மைக்கைப் புடிச்சிகினு தண்ணியோட அருமையை எங்களுக்கு விளக்கினான். பாலாத்தங்கரையில பொறந்து, கிணத்துத் தண்ணி நிறம் மாறுனதைக் கண்ணால பார்த்த கெழவங்க முன்னாடி. கேட்டுகினு கை தட்டினோம். பிஸ்கட்டு குடுத்தாங்க இல்ல?

கோச்சுக்காதீங்க. தலைவராகணும்னு வந்திருக்கீங்க. இந்தப் பக்கத்துல ஒரு பெரிய காரியம் எப்படி நடந்துச்சுன்னு சொல்றேன். 1991ல வேலூர் குடிமக்கள் நல மன்றம், தோல் பதனிடற ஷாப்புங்களோட கழிவுத் தண்ணிக்கு எதிரா நேரா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. 1996 ஆகஸ்ட் 28ல நீதிபதி குல்தீப் சிங் இருந்த அமர்வு தீர்ப்பு சொல்லிச்சு. கெடுத்தவனே செலவு பண்ணிச் சரிபண்ணணும், கெடுதி முழுசா நிரூபணமாகட்டும்னு கைகட்டிகினு நிக்கக் கூடாதுன்னு. இன்னிக்கி நாடு பூரா சட்டம் படிக்கிற பிள்ளைங்க அதைப் படிக்கிறாங்க.

அந்தத் தீர்ப்புக்குள்ள இன்னா கீது, ஆவேசப் பேச்சா? இல்ல, எண்ணிக்கை. தோல் ஷாப்புங்க இருந்த திண்டுக்கல் பக்கமும் 13 ஊர்ல ஒரு தொண்டு நிறுவனத்துக்காரங்க கிணறு கிணறா எட்டிப் பார்த்து, 467ல 350 கெட்டுப்போச்சுன்னு எழுதி வெச்சாங்க. வேலூர்ல இருந்த வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம், தோல் ஷாப்பு வட்டாரத்துல ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுசோ பயிருக்கு ஒதவாமப் போச்சுன்னு கணக்கு சொல்லிச்சு. டெல்லியில போய்ப் பேசுனது இந்த நோட்டுக் கணக்குதான். கிணத்தை எட்டிப் பார்த்தவங்க யாரும் மைக் கேட்டதா நான் கேள்விப்படல.

இன்னொரு கணக்கும் பாருங்க. வழக்கு போட்டு தீர்ப்பு வர அஞ்சு வருஷம். அதோட முடிஞ்சுதா? 2025 ஜனவரியில, பாலாத்துக் கெடுதிக்கு நஷ்டஈடு குடுங்கன்னு சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் எழுத வேண்டியதாச்சு. உங்க டிகிரி மூணு வருஷம், முகாம் ஏழு நாள். முப்பது வருஷத்துக்கு மேல இழுக்கிற வியாதியை வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள தீர்க்க வந்திருக்கீங்க. அந்தத் தைரியத்தை மெச்சறேன்.

அதனால ஒரு நோட்டு வாங்குங்க, கெட்டி அட்டையா. பத்து கிணறு, போர் எதுன்னு முடிவு பண்ணுங்க. மாசத்துக்கு ஒரு தரம், அதே கிணறு, அதே தேதி, டி.டி.எஸ். மீட்டரை விட்டு எழுதுங்க. குடிதண்ணின்னா கரைஞ்சிருக்கிற உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற தண்ணிக்கு வழியே இல்லன்னா 2,000 வரைக்கும் போகலாம்னு இந்தியத் தர விதி கீது. ஒண்ணு மறக்காதீங்க. அந்த மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், தோல் ஷாப்புக் கழிவுல வர்ற குரோமியத்தைத் தனியா சொல்லாது. அதுக்கு லேப் வேணும். உங்க கெமிஸ்ட்ரி சாரைக் கேளுங்க, பாவம், ரிக்கார்டு நோட்டுல கையெழுத்துப் போட்டுப் போட்டு அவருக்கும் அலுத்துப்போயிருக்கும். பாஸ் பண்ணிப் போறப்போ நோட்டை ஜூனியர் கையில குடுங்க. குடுக்கறதுக்கு முன்னாடியே வந்து கேட்டு வாங்கற பொண்ணோ பையனோ யாரோ, அவங்கதான் தலைவர். என் ஓட்டு அவங்களுக்கு.

திரும்பத் திரும்ப வர்றவங்களை இந்த மண்ணு பார்க்காம இல்ல. 1900ல வேலூர்ல ஒத்தக் கட்டிலோட வைத்தியம் ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா, அப்புறம் குடியாத்தம் ரோட்டுல வாராவாரம் போய் வழியோரத்துலயே நோயாளிங்களைப் பார்த்தாங்க. ஜனங்க காத்துகினு நின்னாங்கன்னா, வருவாங்கன்னு நம்பிக்கை இருந்ததாலதான். அவங்க வளர்த்த சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில சேர்ற முதல் வருஷத்துப் பிள்ளைங்களும் கிராமத்துல தங்கி வீடு வீடா விசாரிக்கிறாங்க. கவனிங்க, விசாரிக்கிறாங்க. வெளக்கம் சொல்லிகினு திரியல.

அப்புறம், 'தோல் ஷாப்பை மூடு'ன்னு அட்டையில எழுதி வெச்சிருக்கிற பாப்பா, இங்க வா. அம்மாவுக்கு எங்க வேலை? ஆம்பூர்ல ஷூ கம்பெனியா? அப்போ உன் காலேஜ் பீஸும் அந்தத் தோல்லதான் வந்துச்சு. அட்டையைக் கிழிக்க வேணாம், மடிச்சு வை. மொதல்ல அம்மாவோட சம்பளச் சீட்டைப் படி. பி.எஃப்.புக்கு 12 சதவீதம், ஈ.எஸ்.ஐ.க்கு முக்கால் சதவீதம் புடிக்கிறாங்களா, புடிச்சது கணக்குல ஏறுதான்னு போன்ல பாரு. ரீல்ஸ் பார்க்கிற அதே போன்லயே தெரியும். பக்கத்து வீட்டுல திண்ணையில குந்திகினு ஷூ மேல்பாகம் தைக்கிற அக்காவுக்கு ஜோடிக்கு இவ்ளோன்னுதான் கூலி, சீட்டே கிடையாது. அதையும் எழுது. ஆறும் பொழைக்கணும், அடுப்பும் எரியணும். ரெண்டையும் ஒரே நோட்டுல எழுதறதுதான் கஷ்டம். ஒண்ணை மட்டும் எழுத யாராலயும் முடியும்.

கடைசியா ஒரு கேள்வி. தமிழ்நாட்டுல வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணி நாளு. பதினெட்டு முடிஞ்சு வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா நீங்களே அதுல உறுப்பினர். எங்க ஊர்ல இல்ல கண்ணு, உங்க ஊர்ல. இதுவரைக்கும் போனவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம். என்ன, பேனரைப் பார்த்துகினு கீறீங்க?

வர்ற மார்ச் 22க்கு அவங்கவங்க ஊருக்குப் போங்க. உங்க தெருத் தண்ணியைப் பத்தி ஒரு தீர்மானம் எழுதிக் குடுத்து, நிறைவேத்தி, நகல் வாங்கிகினு வாங்க. அன்னிக்கி உங்க தலைமைப் பயிற்சி சர்டிபிகேட்டுல நானே கைநாட்டு வெக்கிறேன்.