மாப்பிள்ளையும் பெயிண்ட் வாளியும்

வாங்க மாப்பிள்ளை! வாளியைத் திறந்தாச்சு, ஒரு கையில வேப்பெண்ணெய், மறு கையில கடுக்காய்த் தண்ணி. அக்ரிலிக் பெயிண்டுக்கு இயற்கை முறையில வலு ஏத்தணும்னு செல்போன்ல எவனோ சொன்னானாக்கும்? ஏத்துங்க, ஏத்துங்க. செவுரு உங்களுது, யோசனை உங்களுது. வாளி வாங்குன துட்டு மட்டும்தான் என்னுது.

கடுக்காயைக் குறை சொல்ல நான் யாரு? செட்டிநாட்டு வீட்டுச் செவுரு இன்னும் வழவழன்னு நிக்குதுன்னா அதுக்கும் பங்கு உண்டு. ஆனா அது சுண்ணாம்புச் சாந்து. கடுக்காயோட துவர்ப்பு சுண்ணாம்போட சேந்து வேலை பாக்கும். இந்த வாளியில நீத்துன சுண்ணாம்பு ஏது? அக்ரிலிக் பிசின் பொடி உருண்டையாத் தண்ணியில மெதக்குது. தண்ணி காயக் காய உருண்டையெல்லாம் ஒட்டி ஏடா படியும். 1953-ல அமெரிக்காவுல ரோம் அண்ட் ஹாஸ் கம்பெனிக்காரன் பெயிண்டுக்குன்னு சந்தைக்குக் கொண்டாந்த வித்தை. அதுல கடுக்காயை ஊத்துனா, துருப்பிடிச்ச ஆணி இருக்கிற இடமெல்லாம் கருப்புப் பூக்கும். துவர்ப்பும் இரும்பும் சேந்தா மைதானே! அந்தக் காலத்துல எழுதுற மையே அப்பிடித்தான் காய்ச்சுனாக.

வேப்பெண்ணெய் இன்னும் விசேசம். தண்ணி பெயிண்டோட ஒட்டாது. ரோலர் போட்டா அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும், பிசுபிசுப்பு காயாது, தெருத் தூசியெல்லாம் வாடகை இல்லாமக் குடியேறும். ஆராய்ச்சிக்காரவுககூட அந்த எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத பொதிக்குள்ள அடைச்சுத்தான் பூச்சுல கலந்து பாக்குறாக.

இதுல சிரிப்பு என்னன்னா, நீங்க தேடுற செடிச் சரக்கு முன்னாலயே உள்ள உக்காந்திருக்கு. குச்சியை விட்டுத் தூக்குங்க. சொட்டாமத் தொங்குதா? அந்தக் கொழகொழப்புக்கு அநேகமா பஞ்சுலயோ மரக்கூழ்லயோ எடுத்த செல்லுலோஸ்தான் காரணம். தண்ணியில கரையுறாப்புல பக்குவம் பண்ணிப் போட்டிருக்காக. 100-க்கு 1 பங்குகூட இருக்காது; அது இல்லேன்னா பெயிண்ட் செவுத்துக்குப் போகாம உங்க வேட்டிக்கு வந்துரும். செடிச் சரக்குன்னா கிருமிக்கும் பசிக்கும்ல? அழுக்குத் தண்ணி ஊத்தி மூடாம வச்சா தின்னுபுடும்; பெயிண்ட் நீத்துப்போயி நாறும். அதுக்குத்தான் கம்பெனிக்காரன் கிருமி மருந்தும் சேக்குறான். வெல்லத் தண்ணியும் ஊத்தப் போறதா மக சொன்னா. எறும்புக்குச் சேதி சொல்லி விட்டாச்சா?

வெயிலுக்குத் தாங்கணும்னா லிக்னின்னு ஒண்ணு இருக்கு. மரத்தை வேக வச்சுக் கூழ் எடுக்கையில பிரிஞ்சு வர்றது. புற ஊதாக் கதிரை இழுத்துக்கிடும். ஆனா நெறம் பழுப்பு. மரக்கதவுப் பூச்சுக்கு வேணா ஆகும், உங்க வெள்ளைச் செவுத்துக்கு ஆகாது.

அப்பவும் ஆசை விடலேன்னா, ஒரு கொட்டாங்குச்சி பெயிண்ட்ல மட்டும் கலந்து கொல்லப்புறத்துல ஒரு முழம் அடிங்க. பக்கத்துலயே கலக்காததையும் ஒரு முழம் அடிங்க. ஐப்பசி மழையும் சித்திரை வெயிலும் பட்ட பொறவு என்னைக் கூப்பிட்டுக் காட்டுங்க. அது வரைக்கும் வேப்பெண்ணெயைத் தூக்கிக்கிட்டு வாசச் செவுத்துப் பக்கம் வந்துறாதீக.