பிள்ளைதான் குரு

கேள்வி: பயந்துபோய்ப் பேச மறுக்கும் குழந்தையை விளையாட்டு தேற்றுமா? – வாசகி, சுவாமிமலை

பதில்: தகப்பனுக்கே பாடம் சொன்ன பிள்ளை குடியிருக்கும் ஊரிலிருந்து வந்த கேள்வி! விளையாட்டுச் சிகிச்சையிலும் பிள்ளைதான் குரு, பெரியவர் சீடர்.

1920-களில் மெலனி கிளைனும் அன்னா ஃபிராய்டும் குழந்தை மனத்தை விளையாட்டு வழியே அறிய முயன்றார்கள். லண்டன் மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்ட் மணல் தட்டும் குட்டிப் பொம்மைகளும் கொடுத்து, ‘உன் உலகத்தைக் கட்டு’ என்று விட்டுவிட்டார். இதற்கு அவரைத் தூண்டியது, எச்.ஜி.வெல்ஸ் தன் மகன்களோடு தரையில் ஆடியதைப் பற்றி 1911-இல் எழுதிய புத்தகம். குழந்தை முன்னே நடக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள் என்று 1947-இல் நெறி வகுத்தார் அமெரிக்காவின் வர்ஜீனியா ஆக்ஸ்லைன்.

நம் பக்கத்து உதாரணம் நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அங்கே குழந்தைகளுக்கு ஓவியமும் கதையும் விளையாட்டும்தான் பேச்சுக்கு வாசல் திறந்தன. ‘என்ன நடந்தது?’ என்று கேட்டால் வாயடைத்துப்போகும் பிள்ளை, அலையை வரைந்து காட்டிவிடும்.

காவிரி வண்டலில் வீடு கட்டி, அதையே திரும்பத் திரும்ப இடிக்கிறதா குழந்தை? தடுக்காதீர்கள். அடக்க முடியாத பயத்தை அது தன் கைக்குள் கொண்டுவருகிறது.

ஆனால், பொம்மை வாங்கிக் கொடுப்பது மட்டுமே சிகிச்சை ஆகாது. கவனிக்கப் பயின்ற கண் வேண்டும். பேச்சின்மை வாரக்கணக்கில் நீடித்தால், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.