உதிர்புள்ளி இயல்: மாடம்பாக்கத்துக் கேட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

வீடு கட்டி முடித்தவனுக்கு மிஞ்சுவன இரண்டு: கடனும் கேட்டும். கடனை ஊருக்கு மறைக்கலாம். கேட்டை மறைக்க முடியாது. (தலைப்பில் ‘கேட்டை’ என்றது நட்சத்திரம் அன்று, தெருவைப் பார்த்து நிற்கும் இரும்புக் கதவு என்க.) அந்தக் கேட்டில் வீட்டின் பெயர் இருந்தாக வேண்டும். ஒரு காலத்தில் பெயின்டர் வந்து, வாயில் வெற்றிலையும் கையில் தூரிகையுமாக எழுதிவிட்டுப் போனார். இன்று அந்த வேலையை லேசர் கட்டிங் செய்கிறது.

தூரிகை அறியாத தொல்லை ஒன்று இங்கே தொடங்குகிறது. தகட்டில் எழுத்தை எழுத முடியாது, வெட்டத்தான் முடியும். வெட்டிய பின் எதையும் பற்றிக்கொண்டிராதது கீழே விழும். இந்த வீழ்ச்சியை ஆராயும் துறைக்கு ‘உதிர்புள்ளி இயல்’ என்று பெயரிடுகிறோம்.

ஆய்வுக் களம், 2021-ல் தாம்பரம் மாநகராட்சிக்குள் சேர்ந்த மாடம்பாக்கம். எடுத்துக்கொண்ட மாதிரி ஒன்றே ஒன்று: ஆய்வாளரின் சொந்த வீட்டுக் கேட். ஒரு மாதிரி போதுமா என்று புள்ளியியலார் கேட்கக்கூடும். அவர்கள் புள்ளியியல் வேறு, இது வேறு.

2. முன்னோரும் புள்ளியும்

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்துவிட்டது. விதித்தவருக்கு என்ன, எழுதியவருக்கல்லவா தெரியும்! எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று சுவடி எழுதியோர் அதை விட்டுவிட்டார்கள் என்பது அறிஞர்கள் சொல்லும் காரணம். கல்வெட்டுகளிலும் புள்ளி பெரும்பாலும் இராது. எங்கள் ஊர் தேனுபுரீசுவரர் கோயில் சோழர் காலத்தது. தூங்கும் யானையின் முதுகுபோல் வளைந்த விமானம், சிற்ப நூலார் சொல்லும் தூங்கானை மாடம். அந்தக் காலத்துக் கல்லில் எது க, எது க் என்பதைப் படிப்பவர் தம் புத்தியால் நிரப்பிக்கொண்டார். அச்செழுத்து வந்து புள்ளிக்கு நிலையான வேலை கொடுத்தது. லேசர் வந்து மறுபடியும் வேலைநீக்கம் செய்கிறது.

3. உதிர்தலின் இரு வகை

எழுத்தைத் தகட்டில் துளையாக வெட்டினால் அது துளையெழுத்து. சுற்றியுள்ளதை நீக்கி எழுத்தையே தகடாக எடுத்தால் அது தகட்டெழுத்து. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி.

துளையெழுத்தில் புள்ளிக்கு ஆபத்தில்லை. அது ஒரு வட்டத் துளை, அவ்வளவுதான். உதிர்வது எழுத்தின் வயிறு. ம-வின் வலப்பக்கக் கூடு, க-வின் இடப்பக்கச் சுழி ஆகிய மூடிய இடங்கள் நான்கு பக்கமும் அறுபட்டுக் கீழே விழுந்துவிடும். ‘மாடம்பாக்கம்’ என்ற பெயரில் ம மூன்று, க இரண்டு. ஆக ஐந்து வயிறுகள் காலி. ஆங்கிலப் பெரிய எழுத்தில் இதே ஊரை வெட்டினால் ஏ நான்குக்கு நான்கு, டி-க்கு ஒன்று, பி-க்கு இரண்டு, ஆக ஏழு. தமிழ் 5, ஆங்கிலம் 7 என்னும் இம்முடிவை மொழிப்பற்றாளர்கள் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ட, ப இரண்டுக்கும் மூடிய வயிறே கிடையாது. ஆகவே வீட்டுக்கு ‘டப்பா’ என்று பெயர் வைப்பவருக்குத் துளையெழுத்தில் ஒரு சேதமும் வராது.

தகட்டெழுத்தில் கதை தலைகீழ். வயிறு தப்பும், புள்ளி தனித்துண்டாகி விழும். மாடம்பாக்கத்துக்கு மூன்று புள்ளி நஷ்டம். இங்கே ஒரு தத்துவமும் உண்டு. உலகத்தில் எது விழுந்தாலும் உயிர் போகும். தமிழில் புள்ளி விழுந்தால் மெய்க்கு உயிர் வந்துவிடும். ‘இல்லம்’ என்பது ‘இலலம’ ஆகி இரண்டு உயிர்கள் பிழைக்கும், வீட்டின் பெயர் மட்டும் சாகும். உதிர்ந்த புள்ளிகள் வெட்டுமேசையின் பல்வரிசைக்கு அடியில் சேர்ந்து, பழைய இரும்போடு கிலோக் கணக்கில் போகின்றன. சுவடிக்காரர் மிச்சம் பிடித்த புள்ளிகளை நாம் எடைக்குப் போடுகிறோம்.

4. மென்பொருள் படலம்

எழுத்தை வடிவமைப்பது கோரல் டிராவில். வெட்டுக் கருவிக்குப் போவது டி.எக்ஸ்.எஃப். கோப்பாக. இடையில் எழுத்தை ‘கர்வ்ஸ்’ ஆக்காவிட்டால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலையும். ஆய்வாளர் பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்துக் கொடுத்தார். கட்டிங் கடைத் திரையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நின்றது. பாமினியில் மெய்யின் புள்ளி உட்கார்ந்திருப்பது அரைப்புள்ளி விசையில். முழுப்புள்ளி கேட்டவனுக்கு அரைப்புள்ளி கிடைத்தது.

கர்வ்ஸ் ஆக்கிய பின்னும் வேலை முடியாது. ‘மி’ போன்றவற்றில் மேல்விலங்கும் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். கண்ணுக்கு அது ஒரே எழுத்து. லேசருக்கு இரண்டு கோடு, இரண்டையும் வெட்டும். திரையிலேயே ‘வெல்டு’ கட்டளை கொடுத்து இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். தீப்பொறி பறக்காத வெல்டிங் இது ஒன்றுதான்.

1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தையும் இங்கே குறிக்க வேண்டும். பெரியார் 1935 முதல் கையாண்ட வடிவங்களை அரசு ஏற்றபோது 13 எழுத்துகள் உருமாறின. அதில் ‘துணை’யின் ணை, யானைத் துதிக்கை போன்ற சுழியை இழந்து இரண்டு துண்டானது. தட்டச்சருக்கு அது வரம். ‘முருகன் துணை’யைத் தகட்டெழுத்தாக ஒட்டுபவருக்கோ ஒட்ட வேண்டிய துண்டு ஒன்று கூடிற்று.

5. அலங்காரமும் அளவும்

வேல், மயில்தோகை, தாமரை எல்லாம் வரட்டும். பெயரும் தெரிய வேண்டும். 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்பது பலகை எழுதுவோரின் பழைய கணக்கு. தெருவின் எதிர்ப்பக்கம் 30 அடி என்றால் 3 அங்குலம். 2 மி.மீ. தகட்டில் 2 மி.மீ.க்குக் குறைந்த துளையோ இழையோ வைக்காதிருப்பது நலம். பிளாஸ்மாவில் வெட்டினால் இன்னும் தாராளம் வேண்டும். அதன் வெட்டுக்கீற்றே 1 மி.மீ.யைத் தாண்டும். மயிலின் கண்ணுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை ன-வின் சுழிக்குக் கொடுத்தால், அது ண-வாகத் தெரியாது.

6. களச் சான்று

ஆய்வாளரின் கேட்டில் முதலில் இருந்தது ‘அம்மா இல்லம்’, பசையால் ஒட்டிய தகட்டெழுத்து. கேட்டை அறைந்து சாத்தும் ஒவ்வொரு முறையும் தாழ்ப்பாளை ஒட்டிய கடைசி எழுத்துக்கே அதிர்ச்சி அதிகம். ஆகவே ஒரு சித்திரை வெயிலில் ‘ம்’ புள்ளியோடு விழுந்தது. பார்சல் கொண்டுவந்த பையன் வாசலிலிருந்தே போன் செய்தான்: “சார், அம்மா இல்லன்னு போட்டிருக்கு. பார்சலை யார்கிட்ட குடுக்கறது?”

உள்ளேயிருந்து அம்மா: “நான் குத்துக்கல்லாட்டம் இங்கதான்டா உக்காந்திருக்கேன். அந்த ம்-மை முதல்ல ஒட்டு.”

7. தீர்வு

விழக்கூடியதை விழாததோடு ஒரு மெல்லிய இழையால் இணைப்பதே வழி. துளையெழுத்தில் வயிற்றுக்கு ஓர் இழை. தகட்டெழுத்தில் புள்ளிக்கு ஒரு கழுத்து, எழுத்துகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பட்டை. கடைக்காரர்கள் இதை பிரிட்ஜ் என்பார்கள். கேட்டுதோறும் தொங்கும் பழைய சொல் ஒன்று இருக்க வேறு கலைச்சொல் எதற்கு? ‘துணை’ என்றே இவ்வாய்வு வழங்குகிறது.

புதிய பலகை ஒரே தகடாக வந்தது. ஒவ்வொரு மெய்யின் தலையிலும் புள்ளி ஒரு சின்னக் கழுத்தில் நிற்கிறது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“என்னடா, புள்ளிக்கெல்லாம் காம்பு முளைச்சிருக்கு?”

“விழாம இருக்கத்தாம்மா.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டு, கேட்டை ஓங்கிச் சாத்திச் சோதித்துப் பார்த்தாள்.